பதினாறு நிறம்

வீரபாண்டியன் மறுபடியும் கிராபிக்ஸ் கார்டு கம்பெனியின் சிடியைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளினான். திரை ஒருமுறை கறுத்துத் திரும்பி வந்தது. அதே பதினாறு நிறம்தான். படத்திலிருந்த ரோஜாப்பூ, சுவரில் யாரோ வெற்றிலை துப்பியதுபோலத் திட்டுத்திட்டாகக் கிடந்தது.

மரிய ஜெரால்டு காரைக்குடியில் நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டருக்குத் தொண்ணூற்றொன்பது மாசியில் வந்த புது வித்தை அது. வெளியே லினக்ஸ் ஓடும். அதற்குள் ஒரு சின்னக் கட்டத்துக்குள் விண்டோஸும் ஓடும். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை கல்லூரி முதல்வர் பார்க்க வருகிறார். உள்ளே இருக்கிற விண்டோஸில்தான் நிறம் ஏறவில்லை.

"இதைச் சரி பண்ணுனா அடுத்த மாசத்துலேருந்து நீதான்டா இன்ஸ்ட்ரக்டர்" என்று ஜெரால்டு வீரபாண்டியனிடம் சொன்னபோது, வின்சி பக்கத்தில்தான் நின்றாள். "நானும் பாக்கட்டுமா சார்?" என்றாள்.

"நீ ரசீதப் போடும்மா."

வின்சி மூன்று வருடமாக அங்கே ரசீதுதான் போடுகிறாள். வீரபாண்டியன் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவள் வேலை நிரந்தரமாகாவிட்டால், தவக்காலம் முடிந்ததும் தேவகோட்டைக்காரரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்த மனிதருக்கு மனைவி இறந்து வருடம் திரும்பவில்லை. வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மத்தியானம் ஜெரால்டு சாப்பிடப் போனதும் வீரபாண்டியன் அவள் மேசைக்கு வந்தான். கல்லலைத் தாண்டி ஒரு கிராமம் அவனுக்கு. தமிழில் படித்தவன். "அக்கா, திரையில இங்கிலீஸ்ல ஏதோ போட்டிருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்றீகளா?"

வின்சி போய்ப் படித்தாள். தெளிவாகத்தான் எழுதியிருந்தது. திரையில் படம் காட்டுகிற அசல் கிராபிக்ஸ் கார்டு வெளியே இருக்கிறது; உள்ளே ஓடும் விண்டோஸின் கண்ணில் அது படவே படாது. விண்டோஸைக் கட்டத்துக்குள் ஓட்டுகிற மென்பொருள் காட்டும் போலிக் கார்டைத்தான் அது பார்க்கும். அந்தப் போலிக் கார்டை இயக்கும் டிரைவர், அந்த மென்பொருளோடு வந்த சிடியிலேயே இருக்கிறது. கார்டு கம்பெனி சிடியை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை.

அவள் மேலிருந்து கீழாக இன்னொரு முறை படிப்பதுபோல நின்றாள்.

"கார்டு கம்பெனி டிரைவரத்தான் போடச் சொல்லுது தம்பி" என்றாள். "இது வேற கார்டுன்னு தடுத்தாலும் விடாம ஏத்தணுமாம்."

"அதான பாத்தேன். நான்தான் பயந்து பயந்து விட்டுட்டேன்." அவன் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு லேசாக நம்புகிறவனுக்கு எதற்கு இன்ஸ்ட்ரக்டர் வேலை?

வெள்ளிக்கிழமை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் மாணவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வீரபாண்டியன் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வந்திருந்தான். அன்று காலைதான் டிரைவரை ஏற்றி முடித்திருந்தவன், முதல்முறையாகப் பொத்தானை அமுக்கினான். விண்டோஸ் கொடி எழும்பியது. பிறகு கட்டம் முழுக்கக் கறுத்தது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் கறுப்பு.

"ஏண்டா, மாடு மேய்க்கிறவனுக்கெல்லாம் மவுஸக் குடுத்தா இப்புடித்தான்" என்றார் ஜெரால்டு. முதல்வர் சிரித்தார். அவர் சிரித்ததால் மாணவர்களும் சிரித்தார்கள். "எந்திரி. நாளையிலேருந்து இந்தப் பக்கம் வராத."

"நான் பாக்குறேன் சார்" என்று வின்சி அவன் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. அவன் ஏற்றியதை நீக்கினாள், மென்பொருளோடு வந்த சிடியைப் போட்டாள். முதல்வர் டீ குடித்து முடிப்பதற்குள் ரோஜாப்பூ நிஜப்பூவாக விரிந்தது. யாரோ கைதட்டினார்கள். வீரபாண்டியனும் தட்டினான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், வின்சியும் வீட்டுக்குப் போக ஏறுகிற கல்லல் பஸ்ஸை ஜனம் மொய்த்திருந்தது. சன்னலுக்குள்ளிருந்து ஒரு கை ஆடியது. "அக்கா, இங்குட்டு வாங்க! சீட்டுப் போட்டிருக்கேன்!"

அவள் ஏறிப் பார்த்தபோது பெண்கள் பக்கம் ஓர் இருக்கையில் அவன் துண்டு கிடந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"உக்காருங்கக்கா. நீங்க படிச்சுச் சொல்லியும் எனக்குத்தான் மண்டையில ஏறல. எந்த சிடின்னு சரியா காதுல வாங்காம, உங்க பேரையும் கெடுக்கப் பாத்தேன்."

பஸ் கிளம்பிய குலுக்கலில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மடியில் எடுத்து வைத்த துண்டு ஈரமாக இருந்தது. வாங்கிக்கொள்ள அவன் கை நீட்டினான். வின்சி அதை மடித்தாள். மடித்ததையே இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தாள்.