திருவிருந்து மேசையில் இரண்டு அப்பம்

இப்போது நான் போகும் ஆலயத்தில் திருவிருந்துக்கு மெல்லிய வில்லை ஒன்று தருகிறார்கள். நாக்கில் வைத்ததும் காணாமல் போய்விடும். என் சின்ன வயதில் அப்படியில்லை. ஒரே பெரிய அப்பம். சபை முழுவதும் ஒரே உடல் என்பதால் எல்லோரும் அதிலிருந்துதான் பெற வேண்டும். அதில் எங்கள் போதகர் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்த அப்பத்துக்கு மாவு பிசைவது அம்மா. சுடுவது அப்பாவின் அக்கா, என் அத்தை. ரொட்டி சுடும் அடுப்பு அத்தை வீட்டில்தான் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்துணி போர்த்திய மாவுச் சட்டியோடு அம்மா போவாள்; அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போவேன். வெந்த ரொட்டியின் வாசனையில் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள். அது ஒரு காலம்!

நான் முதன்முதலாகத் திருவிருந்து எடுக்கவிருந்த வாரம் பார்த்து அந்தப் பேச்சு நின்றது. "ஞாயிறு பள்ளியில அன்பைப் பத்திப் பாடம் எடுப்பா. வீட்ல என் தம்பியை வாயைத் திறக்க விடமாட்டா" என்று அத்தை யாரிடமோ சொன்னது, கைகால் முளைத்து அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

"இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்!"

"பைபிள்ல அன்பைப் பத்தின அதிகாரத்துல நாத்தனார் நீங்கலாகன்னு போட்டிருக்கா?" என்றார் அப்பா.

"நீங்க வாயை மூடுங்க!"

அப்பா மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் இரண்டு அப்பங்கள் இருந்தன. அம்மா மூடி போட்ட சட்டியில் வேகவைத்தது ஒன்று. போதகர் தொட்டதும் விரல் உள்ளே போனது. அத்தை தானே பிசைந்து சுட்டது மற்றொன்று, தட்டினால் டொக்கென்றது.

"என் மருமகளுக்கு முதல் திருவிருந்து. நான் சுடாம வேற யார் சுடுவா?" என்றாள் அத்தை.

"பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?" என்றாள் அம்மா.

போதகர் இரண்டையும் ஓரமாகத் தள்ளி வைத்தார். "மனசுல கசப்பு இருந்தா, காணிக்கையை அப்படியே வச்சுட்டு முதல்ல சமாதானம் ஆகணும்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். ஆகுங்க. அதுவரைக்கும் திருவிருந்து இல்ல" என்று பீடத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அழுகை முட்டியது. புது வெள்ளைக் கவுனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முன்வரிசையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அம்மாவையே பார்த்தார்கள். அன்பு பொறுத்துக்கொள்ளும், மன்னிக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவள் அவள்தானே!

அம்மா எழுந்து அத்தையிடம் போனாள்.

"எனக்குச் சுட வரல, அண்ணி."

"எனக்குப் பிசைய வரல." அத்தை தரையைப் பார்த்தாள். "ஊர்ல போய்ச் சொன்னது தப்புதான். ஆனா பொய் சொல்லல."

"பொய்யா இருந்தா வலிச்சிருக்காதே, அண்ணி."

அத்தை அவள் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அத்தை வீடு ஆலயத்தின் பின்சுவரை ஒட்டியிருந்தது. இருவரும் அங்கே போனார்கள். நாங்கள் தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்தோம். பாட்டு ஓய்ந்த நேரத்தில் ஜன்னல் வழியே சத்தம் வந்தது.

"தண்ணி போதும்னு சொல்றேன்ல!"

"நீங்க அடுப்பைப் பாருங்க அண்ணி, மாவை நான் பாத்துக்கறேன்!"

"ஐயா, மறுபடியும் சண்டையா?" என்று என் கவுனைத் தைத்த தையற்காரர் பதறினார்.

"இல்லப்பா, பேச ஆரம்பிச்சுட்டாங்க. இனி அப்பம் வந்துரும்" என்ற போதகர், எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

வந்தது. மாவு பொங்க நேரமில்லாததால் தட்டையாக, ஆவி பறக்க. பிட்ட போதகர் விரலை உதறினார். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் மண்டியிட்டு, நாக்கு சுடச்சுட நான் அதை வாங்கிக்கொண்டேன்.