தகவல்: மகன்

எங்கள் வாழைச்சேனைக் கடையில் மரண அறிவித்தல் எழுதத் தனியாக ஆள் தேவையில்லை. பெயர், ஊர், உறவு எல்லாவற்றையும் கணினிப் படிவத்தில் நிரப்பினால் போதும். 'அன்னார்', 'அன்புக் கணவர்' எல்லாம் தானாகச் சேர்ந்து இணையப் பக்கம் தயாராகிவிடும். நான் செய்த வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சண்டை முடிந்த அடுத்த வருடம் வாகரையிலிருந்து சின்னத்தங்கம் வந்தார். கணவர் கதிர்காமத்தம்பி காய்ச்சலில் போய்விட்டார். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் இருவர். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் 'காலஞ்சென்றவரா?' என்றொரு கேள்வி உண்டு. ஆம் அல்லது இல்லை. மகள் ஆர்த்திகாவுக்கு ஆம் என்றார். சுனாமியில் போன பிள்ளை; இவரே தன் கையால் மண் போட்டவர். மகன் நிலோஜன் என்றதும் ஆம், இல்லை இரண்டையும் விட்டு நடந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

கடைசிச் சண்டையில் சரணடைந்தவர்களோடு அவனையும் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக ஒருத்தி சொல்லியிருந்தாளாம். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள், எனக்கு எரிச்சல். ஏதாவது ஒன்றைச் சொல்லாவிட்டால் பக்கம் வராது, வேண்டுமானால் அவன் பெயரையே விட்டுவிடுவோம் என்றேன்.

"தகப்பன்ட சாவுக்கு மகன்ட பேர் இல்லாம எப்பிடி மனே? இல்ல எண்டு போடு. அவன் அவங்கட்ட இரிக்கான்."

போட்டேன். பக்கம் வந்தது. அடியில் 'தகவல்: நிலோஜன் (மகன்)' என்றிருந்தது. அறிவித்தலைக் கொடுப்பவராக உயிரோடிருக்கும் மூத்த ஆண்பிள்ளையின் பெயர் அங்கே வரும்படி நான்தான் செய்திருந்தேன். ஊர் வழக்கம் அது. வாசித்துக் காட்டிவிட்டு அழிக்கப் போனேன். அவர் விடவில்லை. தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை அவன் செய்ததாகவே இருக்கட்டும் என்றார். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு மறுபடியும் வந்தார். சிவில் உடுப்பில் ஆமிக்காரர் இரண்டு பேர் அந்தப் பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்களாம். மகன் எப்போது வந்தான், எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்களாம். இப்போதே அழித்துவிடுகிறேன், கடைக்காரன் விட்ட பிழை என்று அவர்களிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். ஆனால் அவர் பயந்து வந்தவர் இல்லை.

"அவங்கட்ட இரிக்கான் எண்டுதான் மனே இவ்வளவு நாளும் சோறு திண்டன்," என்றார். "இப்ப அவங்களே வந்து அவன் எங்க எண்டு என்னட்டக் கேக்காங்க."