பதினேழு நீலக் கட்டங்கள்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. கேட்டு வாங்கினார்கள். ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை என்னை அழைத்து, "ஒரே பக்கம் போதும். நல்ல நடத்தை, அன்பு, தவறாம ஸ்கூலுக்கு வர்றது, மூணும் அதுல வந்துடணும். காலைக் கூட்டத்துல படிக்கலாம்" என்றார். ஒரு பக்கம்தானே, அரை மணி நேர வேலை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் தொடக்கம்: "ஓர் ஊரில் ஒரு சோம்பேறி மாணவன் இருந்தான்." அடித்துவிட்டேன். அவனை எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாவது: "மணி அடித்ததும் பூப்போலச் சிரித்தபடி பிள்ளைகள்—" (முதலில் பூவை எடுத்தேன். பிறகு வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.)

மூன்றாவதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் நோட்டு திருத்திக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "நான் ஒண்ணு சொல்றேன். ஆனா அது கூட்டத்துல படிக்கிற மாதிரி இருக்காது."

இனி வருவது அவர் கதை. இடையிடையே நான் தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

திட்டம் நல்ல திட்டம்தான். முப்பத்தேழு பேரும் ஒருவர் விடாமல் வந்தால் சுவரில் இருக்கும் சார்ட்டில் அன்றைக்கு ஒரு நீலக் கட்டம். தொடர்ந்து இருபது கட்டம் சேர்ந்தால் ஒரு நாள் முழுக்க நீச்சல் குளம். நடுவில் ஒருவர் வராவிட்டாலும் மறுபடி பூஜ்யம். காலை ஒன்பதரைக்கு மேல் வந்தால் வராத கணக்கு.

கூடவே மஞ்சள் அட்டையும் உண்டு. யாராவது யாருக்காவது உதவினால் டீச்சர் காரணத்தை எழுதி ஓர் அட்டை தருவார். ஒரே வாரத்தில் வகுப்பில் பென்சில்கள் தாமாகவே கீழே விழ ஆரம்பித்தன. எடுத்துக் கொடுக்க நான்கு பேர் பாய்ந்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. பழக்கம் மனசுக்குள் போக நாளாகும், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் முறை நான்காம் நாளே முறிந்தது. ஒரு பெண் வரவில்லை. மூன்று மாதமாகவே அவள் அப்படித்தான். பல நாள் பதினொரு மணிக்குத்தான் வருவாள், கேட்டால் தரையைப் பார்ப்பாள். "நாலு நாள்லயே ஓட்டை விழுந்துடுச்சே" என்றார் டீச்சர், சார்ட்டைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரே ஓட்டை ஆகிவிட்டது.

(டீச்சர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னார். நானும் பூசி மெழுகவில்லை.)

இரண்டாம் முறை பதினேழு கட்டம் வரை போனது. ஓட்டை ஒரு நாள்கூடத் தவறவில்லை. எட்டரைக்கே வந்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். திட்டம் வேலை செய்கிறது என்று தலைமையாசிரியை மற்ற வகுப்புகளுக்கும் சொன்னார்.

3

பதினெட்டாம் நாள். ஒன்பது மணிக்கு டீச்சர் பதிவேட்டைத் திறந்தபோது வகுப்பில் வழக்கமான இரைச்சல் இல்லை. எல்லாரும் அவர் பேனாவையே பார்த்தார்கள். ஓட்டையின் இடம் காலி.

"வந்துடுவா டீச்சர். கொஞ்சம் லேட்டாகும்" என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுக்கொண்டே டீச்சர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார். மூன்று பைகள் இருந்தன, ஆட்கள் இல்லை. வகுப்பு லீடராக இருக்கும் பெண், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையன், எந்நேரமும் இருமும் இன்னொரு பையன். காலைக் கூட்டத்தில் மூவரையும் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

"அவளைக் கூட்டிட்டு வரப் போயிருக்காங்க டீச்சர். பின்பக்க கேட் வழியா."

பின்பக்க கேட்டைத் தாண்டினால் லாரிகள் போகும் அகலச் சாலை. டீச்சர் வகுப்பை ஓவிய மாஸ்டரிடம் விட்டுவிட்டு ஓடினார். சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம், குப்பைத்தொட்டி, ஒரு நாய். பிள்ளைகளைக் காணோம். சாலையில் எதுவும் நடந்ததற்கான அடையாளமும் இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன் என்றார் என்னிடம்.

அந்தப் பெண்ணின் வீட்டு முகவரி நினைவில் இருந்தது. டயர் கடை, அதன் மேலே இரண்டாம் மாடி. படியேறும்போதே சத்தம் கேட்டது.

4

லீடர் இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் மூணே நாள்டி. வந்து பேர் குடுத்துட்டுப் போயிடு. உன்னால முப்பத்தாறு பேருக்கும் போகுது." நெட்டை கதவை உதைத்தான். உள்ளே தாழ்ப்பாள் குலுங்கியது.

"நகருங்க" என்றார் டீச்சர். மூவரும் சுவரோடு ஒட்டினார்கள்.

"நான்தாம்மா வந்திருக்கேன். உடம்பு சரியில்லையா?"

"இல்ல டீச்சர்." குரல் கதவுக்கு வெகு அருகில் இருந்தது.

"அப்புறம்?"

உள்ளே யாரோ ஸ்பூனால் தட்டைத் தட்டும் ஓசை. "நான் வந்தா பாப்பாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுதான் வரணும் டீச்சர்."

"இத்தனை நாள் எப்படி வந்தே?"

"பூட்டிட்டுதான்."

(இந்த இடத்தில் "டீச்சரின் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "கண்ணெல்லாம் கலங்கல. படியிலயே உக்காந்துட்டேன்" என்று திருத்தினார்.)

கதவு வழியாகவே மிச்சம் வந்தது. அப்பா லாரியோடு போனால் பத்து நாள். அம்மாவுக்கு ஓர் அலுவலகத்தில் தரை துடைக்கும் வேலை, காலை ஆறிலிருந்து பத்தரை வரை. தங்கைக்கு வயது மூன்று. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய் மூன்று மாதம்.

"நேத்து பாப்பா ஜன்னல்ல ஏறிடுச்சு டீச்சர். அதுல கம்பி கிடையாது. ஜன்னல் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சாம். அம்மா வர்ற வரைக்கும் டயர் கடைக்காரர் கீழயிருந்து பேசிக்கிட்டே இருந்தாராம், அது அசையாம இருக்கணும்னு."

லீடர், சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் டீச்சர் பூட்டிட்டு வரச் சொன்னேன். ரெண்டு மணி நேரந்தானேன்னு" என்றாள்.

டீச்சருக்கு நினைவு வந்தது. இரண்டாம் முறை தொடங்கிய மறுநாளே லீடருக்கு ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார். "தோழியைத் தவறாமல் பள்ளிக்கு வர ஊக்குவித்ததற்காக." தன் கையெழுத்து.

ஒன்பது இருபத்தெட்டுக்குத் தலைமையாசிரியையை ஃபோனில் அழைத்தார். "பிள்ளைங்க பத்திரமா இருக்காங்க. நாலு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுடுங்க மேடம்."

"பதினேழு நாள் வந்தாச்சேம்மா. வந்துக்கிட்டே இருக்காங்கன்னு வச்சுக்கலாமே."

"வரல மேடம்."

இருமல்காரன் இருமினான். உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் அதே மாதிரி இருமிக் காட்டியது. அவன் திகைத்துப்போய் மறுபடி இருமினான், இந்தத் தடவை வேண்டுமென்றே. உள்ளேயும் இருமல், நடுவில் சிரிப்பு. தாழ்ப்பாள் விலகியது.

5

அம்மா வந்தபோது மணி பத்து நாற்பது. வாசலில் நான்கு ஜோடி அந்நியச் செருப்பைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. முதலில் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்தார். பிறகுதான் டீச்சரைப் பார்த்தார்.

"கடைக்காரர் சொல்லிட்டாரா? கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறீங்களா?"

"குடுக்கறதா இருந்தா என் மேலதாங்க குடுக்கணும்." ஒரு மணி நேரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம். சொன்னதும் கொஞ்சம் இலேசானதுபோல் இருந்தது.

அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. "அது சரி டீச்சர். நாளைக்குப் பாப்பாவ யார் பாத்துக்குவாங்க?"

பதில் லீடரிடமிருந்து வந்தது.

"நான் பாத்துக்கறேன். நாளைக்கு நான் லீவு போடறேன். அடுத்த நாள் நெட்டை, அப்புறம் இவன். கிளாஸ்ல முப்பத்தாறு பேர் இருக்கோம் டீச்சர். ஒருத்தருக்கு மாசத்துக்கு ஒரு நாள்கூட வராது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. டீச்சருக்குப் பயமாக இருந்ததும் அதனால்தான். அந்த வகுப்பில் அவர் பார்த்த முதல் உண்மையான அன்பு, அட்டைக்கு ஆசைப்படாதது, லீவு கேட்டு நின்றது. கேட்டவர்களும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். ஜன்னலில் கம்பி இன்னும் இல்லை.

எல்லாரும் டீச்சரையே பார்த்தார்கள்.

6

தலைமையாசிரியை விரும்பிய முடிவு: சின்னவளும் வகுப்புக்கு வருகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். எழுதிப் பார்த்தேன். மூன்று வயதுக் குழந்தையை நாற்பது நிமிடம் பின்னக் கணக்குக்கு நடுவில் உட்கார வைக்க என் பேனாவால் முடியவில்லை.

அம்மாவின் மேலாளர் மனமிரங்கி வேலை நேரத்தை மாற்றுகிறார் என்று ஒரு முடிவு. அவரை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்படி மனசு கொடுப்பது?

மூன்றாவது முடிவில் டீச்சர் கண்டிப்பாக "அதெல்லாம் கூடாது" என்கிறார். அப்புறம் அந்த அம்மா—

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவு. நீச்சல் குளம் இல்லை என்றாகிவிட்டது. கேட்டைத் தாண்டியதற்காக மூன்று பிள்ளைகளின் வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். சார்ட்டை டீச்சரே கழற்றினார். அதற்கு மறுநாளுக்கான ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டுப் பக்கத்தை எனக்குக் காட்டினார். ஒரே ஓர் ஆப்சென்ட். பெயர் இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். ஆசிரியர்களின் பதிவேட்டை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயும் இவர் பெயருக்கு நேரே ஒரு லீவுக் கோடு இருந்திருக்குமோ என்னவோ.

அந்த வாசலில் டீச்சர் என்ன சொன்னார் என்பதை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். எழுத மாட்டேன். எழுதினால் கூட்டத்தில் படித்துவிட்டு, அதோடு முடிந்தது என்று எல்லாரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

அதனால் அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். மணி பத்து ஐம்பது. பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த அம்மா காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஒற்றைச் செருப்பை மட்டும் கழற்றியபடி, குழந்தையோடு நின்றுகொண்டிருக்கிறார். ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.