தோற்றால் போடும் சட்டை

வெள்ளைச் சட்டையின் இடது கையை நுழைத்தாகிவிட்டது. வலது கைதான் வர மறுத்தது. ராகவி அப்பாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அம்மா ரதிதேவி துணியை மெல்ல மெல்ல இழுத்தாள். ஓக்லாந்தின் மங்கரேயில் இருந்த அந்த இறுதிச்சடங்கு நிலையத்துப் பெண் உதவிக்கு வருவதாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். நாற்பது வருடமாக இந்த மனிதருடைய சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவள், கடைசிச் சட்டையை மட்டும் இன்னொருத்தி போட்டுவிட விடுவாளா?

சுவரோரத்து நாற்காலியில் ராகவியின் பை இருந்தது. பைக்குள் நியூசிலாந்து ரக்பி அணியான ஆல் பிளாக்ஸின் கறுப்புச் சட்டை இருந்தது. காரில் வரும்போதே அதைப் பற்றி வாய் திறந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். செத்தவருக்குக் கறுப்பா, ஐயர் பார்த்தால் என்ன நினைப்பார், உயிரோடு இருக்கும்போது அந்தக் கந்தலைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து மானத்தை வாங்கியது போதாதா என்று ஹில்ஸ்பரோவிலிருந்து மங்கரேப் பாலம் வரைக்கும் அம்மா ஓயவில்லை.

கந்தல் என்று அம்மா சொன்னதில் பொய் இல்லை. அப்பா இராசநாயகம் அந்தச் சட்டையை ஒட்டாரா சனிக்கிழமைச் சந்தையில் வாங்கி இருபத்தொன்பது வருடமாகிறது. வாங்கிய புதிதில் அது அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. காரணம், அவர் தனக்கென்று வைத்திருந்த ஒரு விநோதமான சட்டம். வென்ற மறுநாள் அதைத் தொடமாட்டார். தோற்றால் மட்டும், திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு பென்ரோஸில் இருந்த சாமான் கிடங்கு வேலைக்குப் போவார். "வெல்லேக்க ஆரும் போடுவினம். தோக்கேக்கதான் போடோணும்," என்பார். அந்தக் காலத்தில் ஆல் பிளாக்ஸ் எங்கே தோற்றது? வருடத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ வெளியே வந்த சட்டை, கடை மணம் மாறாமல் திரும்பவும் உள்ளே போனது.

பிறகு காலம் மாறியது. அயர்லாந்துக்காரர் இங்கேயே வந்து தொடரை வென்றார்கள். ஆர்ஜென்டினா கிறைஸ்ட்சர்ச்சில் வென்றது. உலகக் கிண்ண இறுதிப் போட்டி ஒரே ஒரு புள்ளியில் கைநழுவியது. கிடங்கில் கூட வேலை செய்த சியோனே, இனித் தான் தென்னாபிரிக்கா பக்கம் என்று சொல்லிச் சீண்டிப் பார்த்தார். இராசநாயகம் அசையவில்லை. திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை சட்டை வெளியே வந்தது, தோய்த்துத் தோய்த்துச் சாம்பல் நிறமானது, நெஞ்சிலிருந்த வெள்ளிப் பன்ன இலைச் சின்னம் பாதி உதிர்ந்துபோனது. ஈடன் பார்க் மைதானம் ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த பெருமை. அங்கே அவர்கள் கடைசியாகத் தோற்றது தொண்ணூற்று நான்கு யூலையில். இராசநாயகம் மனைவியோடும் நான்கு வயது ராகவியோடும் ஓக்லாந்தில் வந்து இறங்கியது ஓகஸ்டில். தான் வந்த பிறகு அங்கே யாரும் வெல்லவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டால், முப்பது வருடமாக மைதானத்து வாசலில் காவலுக்கு நின்றவர் இவர்தான் என்று தோன்றும்.

இத்தனை விசுவாசியும் ஒரு போட்டியின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தது கிடையாது. நெஞ்சு தாங்காது. எழுந்து போய் கராஜில் நிற்பார். முடிவைக் கொண்டுபோய்ச் சொல்வது ராகவியின் வேலை. கதவைத் திறந்ததும், திரும்பிப் பாராமலே தன் அணிப் பையன்களைப் பற்றிக் கேட்பார்: "பெடியள் என்னவாம், பிள்ளை?"

ஒரே ஒரு தரம் அவள் பொய் சொன்னாள். ஒன்பது வயது. உலகக் கிண்ண அரையிறுதியில் பிரான்ஸிடம் தோற்ற அதிகாலை. அப்பாவின் முதுகைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வென்றுவிட்டார்கள் என்றாள். அவர் துள்ளிக்கொண்டு உள்ளே வந்து, தொலைக்காட்சியைப் பார்த்து, அப்படியே நின்றார். ஏசவில்லை. அவளைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார்: "தோத்தா தோத்தது எண்டு சொல்லோணும். வேற ஆக்கள் சொல்லி நான் அறியக்கூடாது." அதற்குப் பிறகு அவள் பொய் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பொய் சொல்லவில்லை. அதுதான் மூன்று நாளாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

வலது கை ஒருவழியாக உள்ளே வந்தது. அம்மா பொத்தான்களைக் கீழிருந்து பூட்டிக்கொண்டு வந்தாள். புற்றுநோய் பாதி உடம்பைத் தின்றிருந்ததால் சட்டை தொளதொளவென்று இருந்தது. கழுத்துப் பொத்தானில் அம்மாவின் விரல் நின்றபோது, ராகவி சொல்லிவிட்டாள்.

"அம்மா, நான்தான் அப்பாவுக்குக் கடைசியாச் சொன்னனான். தோத்துட்டினம் எண்டு."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். ராகவி எல்லாவற்றையும் கொட்டினாள். சனிக்கிழமை மாலை, வெலிங்டனில் தென்னாபிரிக்காவோடு போட்டி. வரவேற்பறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா மருந்து மயக்கத்தில் கிடந்தார். அவள் பக்கத்தில் இருந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தாள். பாதி நேரம் வரைக்கும் முன்னால் நின்றவர்கள், பிறகு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நாற்பத்து மூன்றுக்குப் பத்து. நூறு வருடத்துக்கு மேலான வரலாற்றில் இப்படி ஒரு அடி வாங்கியதில்லை என்றார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அம்மா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு நாளுக்குப் பிறகு முதல் தரம், தெளிவாக, அதே கேள்வி: பெடியள் என்னவாம்?

பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் தோத்தா தோத்தது என்ற அப்பாவின் சட்டம் வாயைத் திறந்துகொண்டு முன்னால் வந்துவிட்டது. தோத்துட்டினம் அப்பா, நல்லா அடிபட்டுப்போச்சினம் என்று சொல்லிவிட்டாள். பத்து மணிக்கெல்லாம் அப்பா போய்விட்டார்.

"அதைக் கேட்டுத்தான் போனவர் அம்மா. நான் வெண்டுட்டினம் எண்டு சொல்லியிருக்கலாம்."

அம்மா கழுத்துப் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேற என்ன கேட்டவர்?"

"ஒருத்தரும் மிஞ்சேல்லையோ எண்டு கேட்டவர். எனக்கு விளங்கேல்லை. மேட்ச் முடிஞ்சு ஆக்கள் போனதைக் கேக்கிறார் எண்டு நினைச்சன்."

"நீ என்ன சொன்னனீ?"

"எல்லாரும் வீட்டை போயிட்டினம் அப்பா எண்டன்."

அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பை இருந்த நாற்காலிதான். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே ராகவியின் கணவன் சஞ்சீவன் வந்தவர்களை வரவேற்கும் குரல் கேட்டது. கார்க் கதவு ஒன்று சாத்தப்பட்டது.

"ஊரில பெடியள் எண்டா ஆர் எண்டு உனக்குத் தெரியாதே?" என்றாள் அம்மா.

ராகவிக்குத் தெரியும், தெரியாது. இயக்கத்தில் சேர்ந்து போராடப் போனவர்களை ஊர் அப்படித்தான் அழைத்தது என்று எங்கோ யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். ஆனால் நான்கு வயதில் வந்தவளுக்குப் பெடியள் என்றால் கறுப்புச் சட்டைக்காரர்கள் மட்டும்தான். அப்பாவின் தம்பி நிமலன் பதினேழு வயதில் சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டுப் போனவர் என்பதும், இரண்டாயிரத்து எட்டில் வந்த கடிதத்துக்குப் பிறகு, போர் முடிந்தும் அவரைப் பற்றி ஒரு சொல் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

"உந்த ரக்பியைப் பாத்து முதன்முதல் எங்கட பெடியள் எண்டு அவர் சொன்ன அண்டைக்கு நான் எழும்பி அடுப்படிக்குள்ள போனனான்," என்றாள் அம்மா. "அதுக்குப் பிறகு நான் ஒரு மேட்ச் பாக்கேல்லை."

அம்மாவுக்கு விளையாட்டே பிடிக்காது என்றுதான் முப்பது வருடமாக இந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை தொடக்கம் அவர் இங்க இல்லை, பிள்ளை. மனசால வன்னியில, அந்தச் சண்டைக்குள்ள நிண்டவர். நிமலன்ரை செருப்பு எங்க எண்டு என்னட்டைக் கேட்டவர்."

ராகவிக்கு, போர் முடிந்த அந்த மே மாதம் ஞாபகத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பரீட்சைக் கவலையோடு வீட்டுக்கு வந்தவள், கராஜ் கதவைத் திறந்து, உள்ளே அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டாள். அன்றைக்குப் போட்டி எதுவும் இருக்கவில்லை. அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல அவளிடமும் ஒன்றும் இருக்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்ப் படித்தாள்.

"வீட்டை போயிட்டினம் எண்டதுக்கு அவர் என்ன சொன்னவர்?" என்று அம்மா கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"வீட்டையோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டன். அப்ப காணும், அது போதும் எண்டிட்டுக் கண்ணை மூடினவர்."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக வந்தவர் போனவர் எல்லாருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டு, அழாமல் நின்றவள். ராகவி அவள் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது அசைந்தது. ஆனால் போகவில்லை, அப்பா கேட்டது நிமலனையும் அவரோடு நின்றவர்களையும் என்பது அதைவிடப் பெரியதாக அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கதவைத் தட்டி, ஐயர் வந்துவிட்டார் என்று சஞ்சீவன் வெளியிலிருந்து சொன்னான். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மடியிலிருந்த பையின் சிப்பை இழுத்துத் திறந்தாள்.

"எழும்பு. கையைப் பிடி."

"ஐயர் ஏதும் சொன்னா?"

"ஐயரோட நான் கதைக்கிறன். தோத்தாப் பிறகுதானே இதைப் போடுறவர்."

வெள்ளைச் சட்டைக்கு மேலே, இடது கையிலிருந்து தொடங்கினார்கள். ராகவி மறுபடியும் அப்பாவின் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பழைய சிரமத்துக்குத் தயாராக மூச்சைப் பிடித்தாள். எத்தனையோ திங்கட்கிழமைகளுக்காகத் தோய்த்துத் தளர்ந்திருந்த துணி. அம்மா இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கை தானாக உள்ளே போனது.