நான்கு கிண்ணங்களும் ஒரு சிவப்பு வட்டமும்

1

அன்று காலை என் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து 'நானும் பார்த்தேன்' என்று கிளம்பக் கூடாது. நான், என் மகன், ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள், எதிர்வீட்டுத் தையல்காரர், கையில் டார்ச்சுடன் சுகாதார ஆய்வாளர் அம்மாள். ஐந்தே பேர். மகனின் மகளான என் பேத்தி இல்லை. அவள் டெங்குக் காய்ச்சலோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். என் மகள் துணைக்கு இருந்தாள்.

இந்தக் கதையை இலக்கிய ஆசையில் எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அதை மறுக்கவே பேனாவை எடுத்தேன். மறுப்பு கடைசி வரிகளில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம். அந்தப் பேச்சைப் பரப்பியவர்களும் அந்த மாதிரி ஆட்கள்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"எதிர்வீட்டுத் தையல்காரரின் முற்றத்தில் கிடந்த பழைய டயருக்குள் கொசுப்புழுக்கள் நெளிந்து—"

இத்தோடு நிற்கிறது. மேசையைத் துடைக்க வந்த மருமகள் படித்துவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'மாமா, அவர் வீட்டில் டயரே கிடையாது.'

இரண்டாவது தொடக்கம்:

"மருமகள் பூச்சாடித் தண்ணீரை மாற்ற மறந்ததால்—"

இதற்கு அவள் பென்சிலைக்கூட எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அடித்துவிட்டேன். (வாக்கியத்தை.)

[பேத்திக்குக் காய்ச்சல் இறங்கிய அன்று, "இறங்கிடுச்சே, இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று சொன்னவன் நான். "இறங்கும்போதுதான் மாமா கவனிக்கணும்" என்று பிள்ளையின் வாயைத் திறந்து, ஈறில் ரத்தம் கசிவதைக் கண்டு, அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். விடாத வாந்தி, வயிற்று வலி, ரத்தக்கசிவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாதாம். கண்ட வலி மாத்திரையும் கொடுக்கக் கூடாதாம். அப்படிப்பட்டவளைத்தான் கவனக்குறைவான பாத்திரமாக ஆக்கப் பார்த்தேன்.]

3

ஆய்வாளர் அம்மாளை முதல் வரைவில் மரியாதை தெரியாதவராக எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரம் நிற்கவில்லை. உண்மையில் அவர் ஒவ்வொரு அறைக்கும் அனுமதி கேட்டே நுழைந்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடி, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, பூச்சாடிகள் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு புழு இல்லை. எல்லாம் மருமகளின் பொறுப்பில் இருப்பவை.

தையல்காரர் ஏன் வந்தார் என்று கேட்பீர்கள். "முதலில் எதிர்வீட்டைப் பாருங்கள்" என்று ஆய்வாளரை அனுப்பியவன் நான். "என் வீடு சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டாங்க பெரியவரே. இனிமே வேடிக்கை பார்க்கிறதுதான் என் வேலை" என்று கைகட்டி நின்றார்.

"ஐயா, இந்த ரூம்?" என்றார் ஆய்வாளர்.

"அது என் அறை."

"அதான் கேக்குறேன்."

நான் வாசலை மறித்து நின்றேன். மகன் குரலைத் தாழ்த்தினான். "அப்பா, ஒருத்தி ஆஸ்பத்திரில கெடக்கா. இவ இப்போ இருக்குற நெலமைல இவளுக்கும் வந்தா?"

விலகினேன்.

உள்ளே என் மர அலமாரி. அதில் எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் படங்களும் பத்திரங்களும் இருக்கின்றன. (ஒரு பிஸ்கட் டப்பாவும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.) எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். தினமும் காலையில் நீண்ட மூக்குள்ள பூவாளியால், நின்றபடியே ஊற்றுவேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் வற்ற விட்டதில்லை. ஒழுங்கு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு அதைத்தான் காட்டுவேன்.

ஆய்வாளர் மண்டியிட்டு டார்ச்சை அடித்தார். "வந்து நீங்களே பாருங்க ஐயா."

முப்பது வருடம் சரக்குக் கிடங்குகளில் அடுத்தவர் மூட்டைகளைப் பரிசோதித்தவன் நான். என் அலமாரிக்கு அடியில் அன்றுதான் குனிந்தேன். நான்கு கிண்ணங்களிலும் புழுக்கள், அரைப்புள்ளிகள் போலச் சுருண்டு நிமிர்ந்துகொண்டிருந்தன.

"தினமும் புதுத் தண்ணி ஊத்துறேனேம்மா!"

"ஊத்துறீங்க. கொட்டுறதில்லையே. முட்டை கிண்ணத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். வாரம் ஒரு தடவ கொட்டி, நல்லாத் தேய்ச்சுக் கழுவணும்."

"அடேங்கப்பா, வேளாவேளைக்குத் தண்ணி காட்டி வளர்த்திருக்காரு!" என்றார் தையல்காரர்.

மருமகள் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது. நான்கு கிண்ணங்களையும் நானே எடுத்துப்போய் வெயிலில் மண்தரையில் கவிழ்த்தேன். ஆய்வாளர் எங்கள் கதவில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். புழு கண்ட வீடு என்று அர்த்தம். அன்று வரை தெருவிலேயே ஒரே வட்டம்.

4

இந்த இடத்தில் கதை சோகமாக முடியலாம் என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்துப் போட்டேன். நடந்தது வேறு.

அடுத்த ஞாயிறு முதல் நானும் தையல்காரரும் டார்ச்சுடன் வீடு வீடாகப் போனோம். நாற்பத்தொரு வீடுகள். சிவப்பு வட்டம் போட்ட வீட்டுக்காரனே வாசலில் வந்து நின்று, "எங்கள் வீட்டில் இருந்தது, உங்கள் வீட்டிலும் பார்க்கலாமா?" என்று கேட்டால், 'எங்கள் வீடு சுத்தம்' என்று கதவைச் சாத்த யாருக்கும் வாய் வரவில்லை. பதினாறு வீடுகளில் புழு கிடைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில் குனிந்தவன் நானே. "பெரியவரே, இடுப்பு இருக்கா?" என்று தையல்காரர் கேட்பார். இருந்தது.

பேத்தி மருத்துவமனையில் சேர்ந்த ஐந்தாம் நாள் வீடு திரும்பினாள்; பிஸ்கட் டப்பா இப்போது அவள் வசம். தம்பி பிறந்தான், மூன்று கிலோ இருநூறு கிராம், சத்தம் அதற்கும் மேல். ஒன்பது வாரமாகத் தெருவில் ஒரு புதுக் காய்ச்சல் இல்லை. ஆய்வாளர் அம்மாள் எங்கள் கதவில் பச்சை வட்டம் போட்டபோது தெருவே கை தட்டியது. நான் நிமிர்ந்து நின்றேன்.

என் வீட்டு முடிவு இது. உங்கள் வீட்டு முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனா போதாது, குனியவும் வேண்டும்.

இனி மறுப்பு. 'மானத்துக்குப் பயந்து பெரியவர் முதல் வாரமே சிவப்பு வட்டத்தை அழித்துவிட்டார்' என்பது பேச்சு. தவறு. அதை அழித்தது மழை. மறுநாள் காலை சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து, அதே இடத்தில், அதே அளவில் நான் வரைந்தேன். பச்சைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.