ஒரு ரீடிங்கும் வீணாகாது

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பொருள்கள் மேல்தான் பாயும். மிக்ஸி மூடி, குடை, ஸ்கூட்டியின் ஸ்டாண்ட் எல்லாம் என்னிடம் அடி வாங்கியவை. அந்த எடை மெஷினை நான் எத்தனை முறை சித்திரை வீதியில் வீசி எறியக் கிளம்பினேன் என்று அம்மாவைக் கேட்டால் தெரியும். அம்மாதான் ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்தாள்.

பார்க்க வெறும் கண்ணாடிப் பலகைதான். ஏறி நின்றால் எடையை வைஃபை வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். அப்பாவுக்கு இதயம் பலவீனம். அது ரத்தத்தைச் சரியாகத் தள்ளாவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். நீர் கோத்தால் எடை ஏறும். கால் வீங்குவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும் என்றார் டாக்டர். சட்டென்று ஏறினால் அங்கே நர்ஸ் ஜோதியின் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும். ஜோதி உடனே போன் செய்து மாத்திரையைக் கூட்டச் சொல்வார். வெயில் காலத்தில் ஒரு முறை அப்படித்தான் அப்பா தப்பித்தார்.

டாக்டர் போட்ட இன்னொரு கட்டளை, உப்பு கூடாது, அது நீரைப் பிடித்துவைக்கும். அம்மா அன்றைக்கே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள். சாத்தமுது என்கிற ரசத்தில் உப்பு இல்லை, கறியமுதில் இல்லை, மோர் சாதத்தில்கூட இல்லை. அப்பாவுக்குத் தனியாகச் செய்தால் ஏக்கம் வரும் என்று எனக்கும் அதே தளிகைதான். வேலைக்குப் போகிறவள் நான், கன்டோன்மென்ட்டில் ஆபீஸுக்குப் பக்கத்தில் நல்ல மெஸ் இருக்கிறது. அதனால் பிழைத்தேன்.

"உங்கம்மா என்னை உப்பிலியப்பனாவே ஆக்கிட்டா," என்று அப்பா சிரிப்பார். கும்பகோணத்துப் பக்கத்தில் கோயில்கொண்ட அந்தப் பெருமாள், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத பெண்ணைக் கைப்பிடித்ததற்காக உப்பையே விட்டவர். இன்றும் அவருக்கு உப்பில்லாமல்தான் அமுது செய்விக்கிறார்கள்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் முதல் பாதியான பகல்பத்து தொடங்கிய வாரம் இன்டர்நெட்காரர் நவநீதன் வந்து பழைய வைஃபை பாக்ஸைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார். "இனிமே பாருங்க மேடம், பறக்கும்," என்றார். உண்மைதான், டிவி பறந்தது, என் போன் பறந்தது. எடை மெஷின் மட்டும் செத்துப்போனது. அப்பா ஏறி நின்றால் எண் கண்ணிமைக்கும் நேரம் வரும். உடனே சிவப்பு விளக்கு வந்து அதை மூடிவிடும். நான் பார்த்ததெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கைத்தான்.

பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். போனில் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றினேன். அம்மாவின் ஊக்கை வாங்கி மெஷினின் அடியிலிருந்த ஓட்டைக்குள் குத்தினேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் பாக்ஸுக்கு எதிரிலேயே வைத்து, அதன்மேல் அப்பாவை ஏற்றினேன். கடைசியில் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எதிர்முனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஆள் வர நாளாகும், திருவிழா விடுமுறை என்றாள்.

"கவலைப்படாதீங்க மேடம். ஒரு ரீடிங்கும் வீணாகாது. எல்லாம் மெஷினுக்குள்ளயே சேவ் ஆகியிருக்கும். கனெக்ட் ஆனதும் மொத்தமா போயிடும்."

அந்த வார்த்தை எங்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அப்பா தினமும் காலையில் வழக்கம்போல மெஷினில் ஏறி இறங்கினார். ஜோதி ஒருநாள் போன் செய்து, "வெயிட் வரலையே மேடம்," என்றபோது நானும் அதையே சொன்னேன். எல்லாம் மெஷினில் பத்திரமாக இருக்கிறது, சரியானதும் வந்துவிடும் என்றேன். ஏதோ தபால் தாமதமானதுபோலப் பேசியிருக்கிறேன்.

"சரிங்க மேடம். கால் வீக்கம், மூச்சு வாங்கறது ஏதாவது இருந்தா உடனே கூப்பிடுங்க."

"ஒண்ணுமில்லைன்னு சொல்லு," என்றார் அப்பா. குளிருக்காகக் கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் அரையர் சேவை பார்த்துக்கொண்டிருந்தார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர். இரும்புக்குள் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை.

கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் அந்த வருஷம் அவரால் கோயிலுக்குப் போக முடியவில்லை. மாடி வீட்டு ரெங்கராஜ் மாமா கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். சிநேகிதன் உற்சவத்தைச் சேவிக்க முடியவில்லையே என்று, பெருமாள் அமுது செய்ததில் தினமும் ஒரு தொன்னை கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் புளியோதரை, ஒருநாள் சம்பார தோசை. அப்பா கைகழுவி, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். அம்மா பக்கத்தில் நின்று, கீழே சிந்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். அந்தப் பத்து நிமிஷம் அப்பாவின் முகம் பழையபடி இருக்கும். எங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

வைகுண்ட வாசல் திறந்து ராப்பத்து தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நவநீதனை விடாமல் திட்டி வரவழைத்தேன். அவர் மெஷினின் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது பழைய மாடல் மேடம். புது பாக்ஸ்ல ரெண்டு சிக்னலும் ஒரே பேர்ல வருது. ஸ்பீடு கம்மியான சிக்னல்தான் இதுக்கு ஒத்துவரும். அதைத் தனியா பிரிச்சு வேற பேர் கொடுத்துடறேன்."

கொடுத்தார். அவர் வேலை காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மெஷினில் சிவப்பு போய்ப் பச்சை விளக்கு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பா, கனெக்ட் ஆயிடுத்து," என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். அப்பா கையில் புளியோதரைத் தொன்னை இருந்தது. சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கினார்.

திரும்பி வருவதற்குள் என் போன் அடித்தது. ஜோதி.

"மேடம், ரெண்டு வார ரீடிங்கும் இப்பதான் மொத்தமா வந்தது. சார் ஆறு கிலோ ஏறியிருக்கார். உட்கார்ந்திருக்காரா, படுத்திருக்காரா?"

"உட்கார்ந்திருக்கார்."

"சாக்ஸைக் கழட்டிட்டு, காலை விரலால அழுத்திப் பாருங்க."

கழற்றினேன். சாக்ஸின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஆழமாகப் பதிந்திருந்தது. நான் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அப்பா என்னையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்ச நாளா படுத்தா மூச்சு முட்றது, கோதா," என்றார். "குளிருக்குன்னு நெனச்சேன். அதான் நாற்காலியிலேயே தூங்கறேன்."

நவநீதனே தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். உற்சவக் கூட்டத்தில் காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. நான் ஜன்னலைத் திறந்து, முன்னால் நின்ற பஸ்காரனைத் திட்டினேன். அம்மா எதையும் திட்டவில்லை. அப்பாவைத் தன் தோளில் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு டாக்டர் வந்து எங்களைக் கேட்டார்.

"இவ்வளவு நீர் சும்மா ஏறாது. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

"ஒரு வேளை தப்பலை," என்றேன்.

"அப்ளம், ஊறுகாய், வெளிச்சாப்பாடு?"

"ஐயோ, கிடையவே கிடையாது டாக்டர். ஆத்துல உப்பு ஜாடியே பரண்ல இருக்கு," என்றாள் அம்மா. "தளிகையில ஒரு கல் உப்பு சேர்க்கறதில்லை. தினம் பெருமாள் பிரசாதம் மட்டும்தான், ரெங்கராஜ் மாமா கொண்டுவந்து குடுப்பார்."

டாக்டர் அம்மாவையே பார்த்தார்.

"என்ன பிரசாதம்?"

"புளியோதரை. சம்பார தோசை." சொல்லும்போதே அம்மாவின் குரல் இறங்கியது.

டாக்டர் கோபிக்கவில்லை. "ஜோதி போன் பண்ணினப்பவே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

சொல்லவில்லைதான். மறைக்கவும் இல்லை. யார் கேட்டிருந்தாலும் நாங்கள் மூன்று பேரும் உப்பே கிடையாது என்றுதான் மனசறிந்து சொல்லியிருப்போம். பிரசாதத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்? எங்கள் வீட்டில் அதற்கு ருசி சொல்லக்கூட மாட்டோம், அபசாரம். அதில் உப்பு இருக்கிறது என்று எங்கள் நாக்குக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியவில்லை. மெஷினுக்கு மட்டும் தெரிந்திருந்தது. நாள் தவறாமல் எழுதிவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார். வைகுண்ட வாசல் திறந்திருக்கிற நாளில் ஆசார்யன் திருவடி அடைந்தாரே, என்ன பாக்கியம் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்களை ஒவ்வொருவராக வீட்டைவிட்டு வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு. ஒரு கால் சாக்ஸைக் கழற்றியதும் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாரே, அந்தக் குரலை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்து ஊரிலிருந்து வந்தவர்கள் போன பிறகு, ரெங்கராஜ் மாமா வந்தார். வழக்கம்போலக் கையில் புளியோதரைத் தொன்னை. அவரிடம் நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் போவதில்லை. "சாரங்கபாணிக்கு ரொம்பப் பிடிக்கும்," என்று அப்பாவை நினைத்துக் கண் கலங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாய்க்குக் கொண்டுபோனாள், முடியவில்லை.

"நாம உப்பிலியப்பன் சன்னதித் தெருவுல குடியிருந்திருக்கலாம்டி, கோதா," என்றாள். "அந்தப் பெருமாள் பிரசாதம்னா அப்பா இருந்திருப்பார்."

நான் தொன்னையை அவள் கையிலிருந்து வாங்கினேன். எறிகிற புத்தி எனக்கு, ஆனால் இதை எங்கே எறிவது? இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் நானே சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.