பம்ப்பம்மாவின் ஆறு வாளிகள்

அம்மாவின் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சின்னவளுக்கு உறைத்தது, வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை.

ஆக்ஸிஜன் மெஷின் நின்றது சரி. காலை ஆறு மணிக்கு அம்மா போய்விட்டாள். ஏழு மணிக்கு வந்து கை பிடித்துப் பார்த்த நர்ஸ், "மெஷினை அணைச்சிடுங்க, இனிமே எதுக்கு?" என்றாள். அண்ணன்தான் எழுந்து போய் அணைத்தான். ஆனால் அது நின்றால் அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்க வேண்டும். கூடத்து ஜன்னல் பக்கம் எந்நேரமும் கொளகொளவென்று உலை கொதிக்கிற மாதிரி ஒன்று. அதையும் காணோம்.

பொத்தானை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். நினைத்தது சரியாகப் போயிற்று. ஆக்ஸிஜன் மெஷினுக்கும் வாளிகளுக்குக் காற்றூதும் மெஷினுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அண்ணன் ஒட்டுமொத்தமாக அதன் மெயின் சுவிட்சையே தட்டிவிட்டிருந்தான். மணி ஒன்பதரை. இரண்டரை மணி நேரம்.

சுவிட்சைப் போட்டாள். ஜன்னலோரத்து வாளிகள் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொளகொளக்கத் தொடங்கின. உள்ளறையில் ஆக்ஸிஜன் மெஷினும் கூடவே கிளம்பி, மூக்கில்லாத குழாயில் புஸ்ஸென்று காற்றை ஊதியது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை பதறி எழுந்தாள். சின்னவள் போய் அந்த மெஷினின் ஒயரை மட்டும் பிடுங்கினாள்.

"சாவு வீட்டுல என்னடி இது கொளகொளன்னு? ஒரு நாள் அணைச்சா குடியா முழுகிடும்?" என்றாள் அத்தை.

"முழுகிடும் அத்தை. காத்து நின்னா வேருக்கு மூச்சு முட்டும். சாயங்காலத்துக்குள்ள அழுகிடும்."

"பெத்தவ போயிட்டா, இவளுக்கு வேரு கவலை."

பதில் சொன்னால் சின்னவளுக்கு அழுகை வரும். அத்தை முன்னால் அழுவதில்லை என்று காலையிலேயே முடிவு கட்டியிருந்தாள்.

அம்மா முப்பத்தொரு வருடம் ஒரு பொது நீச்சல்குளத்தின் பம்ப் அறையில் வேலை பார்த்தவள். பம்ப்பம்மா என்றால்தான் அங்கே தெரியும். ஓய்வுக்குப் பின் நுரையீரல் மக்கர் பண்ண, டாக்டர் படியேறாதே, மண்ணைத் தொடாதே, தூசி ஆகாது என்று வரிசையாகத் தடை போட்டார். "மண்ணுதானே ஆகாது, தண்ணி ஆகுமில்ல?" என்று வந்தவள் ஆறு வாளி வாங்கினாள். அடிப்பக்கம் துளை போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, தடிமனான குழாயால் ஆறையும் ஒன்றோடொன்று கோத்தாள். முதல் வாளியில் செடி கிடையாது. தண்ணீரும் உரமும் ஊற்றுவது அதில்தான். அதற்குள் கிடக்கும் குட்டி மோட்டார் மெல்லிய குழாய் வழியே கடைசி வாளிக்குத் தண்ணீர் அனுப்பும்; அது அடிக்குழாய் வழியே எல்லா வாளியையும் விசாரித்துக்கொண்டு திரும்பி வரும். மற்ற ஐந்தின் மூடியிலும் சல்லடைக் கிண்ணம், கிண்ணத்தில் சுட்ட களிமண் உருண்டைகள், அவற்றின் நடுவில் செடி. வேர் மட்டும் தண்ணீரில் தொங்கும். மண்ணில்லாத வேருக்குக் காற்று வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கொளகொளப்பு.

தக்காளி இரண்டு, வெள்ளரி இரண்டு, கடைசியில் குடைமிளகாய். வெள்ளரி கயிறு பிடித்து ஜன்னலின் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. "மனுஷன் கூடத்துல சோபா போடுவான்" என்று அண்ணன் ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்வான். அம்மா காதில் வாங்கியதே இல்லை.

பத்து மணிக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தான்.

"இதையெல்லாம் பின்பக்கம் தூக்கி வச்சிடலாம். முப்பது பேர் உட்காரணும்."

"தூக்க முடியாது அண்ணா. எல்லாம் ஒண்ணாக் கோத்திருக்கு."

"கழட்டினா போச்சு."

"கழட்டக் கூடாது. வர்றவங்க நிக்கட்டும். அம்மா முப்பத்தொரு வருஷம் நின்னாங்க."

அண்ணனின் முகம் சிவந்தது. குரலை இறக்கினான். இறக்கியதே மோசமாக இருந்தது. "இந்த ஈரம்தான் அம்மாவைக் கொன்னுச்சு. மூச்சு விட முடியாதவங்க பக்கத்துல ஆறு வாளித் தண்ணியைக் கொதிக்க விட்டே. கூடவே இருந்த நீ பார்த்துக்கிட்டே இருந்தே."

இதே கேள்வியை இரண்டு வருடத்துக்கு முன்பே டாக்டரிடம் அழுதுகொண்டு கேட்டவள் சின்னவள். "ஈரமில்லம்மா. முப்பது வருஷக் குளோரின்" என்று அவர் சொன்னதை அண்ணனுக்கு போனில் சொன்னாள். அவன் அப்போது ஏதோ அவசரத்தில் இருந்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கடைசி வாளியைத் தூக்கிவிட்டான்.

குழாய் பளக்கென்று கழன்றது. அவ்வளவுதான். மற்ற ஐந்து வாளித் தண்ணீரும் அந்த ஒரு வழியாகக் கிளம்பியது. அதற்குள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். சின்னவள் தடாலென்று முட்டி போட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தாள். அண்ணன் கையிலிருந்த வாளியோ தன் துளை வழியே அவன் வெள்ளைச் சட்டை மேல் பீய்ச்சியது.

"கட்டைவிரலை வை! துளைல வை!"

வைத்தான். கழன்ற மெல்லிய குழாய் தரையில் கிடந்து இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அத்தை, சிவப்பு டேப் ஒட்டின சுவிட்சை அணைங்க. அது மோட்டார். பச்சை காத்துக்கு. அதைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

அத்தை சிவப்பை மட்டும் அணைத்தாள்.

குழாய் ஊற்றுவது நின்றது. அண்ணன் நனைந்த கோழி மாதிரி நின்றான். தங்கை அவன் காலடியில் மண்டியிட்டிருந்தாள். யார் கையை எடுத்தாலும் காரியம் கெட்டுவிடும்.

"நடுவுல ஒரு வால்வ் வைக்க மாட்டாங்களா அம்மா?" என்றான்.

"கேட்டேன். வால்வ் வச்சா ஓட்டம் குறையும்னாங்க. பிரிக்கணும்னு நினைக்கிறவனுக்கு இது லாயக்கில்லைன்னாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டான். தூக்கிய வேகத்தில் வாளியின் மூடி விலகி, உள்ளே வேர் தெரிந்தது. ஒரு முழத்துக்கு, கொத்துக் கொத்தாக.

"என்ன நிறம்?" என்று அவள் கீழேயிருந்து கேட்டாள். குரல் உடைந்தது. "சொல்லு அண்ணா. அழுகிப் பழுப்பா இருக்கா, வெள்ளையா?"

அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். "வெள்ளைதான்" என்றான். பிறகு, "பால் மாதிரி இருக்கு" என்றான்.

அப்போது அம்மாவை எடுத்துப்போக வந்த வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். ஒருவனின் விரல் வாளிக்குள், ஒருத்தியின் கை குழாயில். அவர் எத்தனையோ வீடு பார்த்தவர். என்றாலும் கொஞ்சம் திகைத்தார். "நேரமாச்சுங்க. கிளம்பலாமா?"

"கூடாதுங்க" என்றாள் சின்னவள். "எங்க அம்மா பம்ப்பை நிறுத்திப் போட்டுட்டு ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்பினதில்ல. ஓடுறதைப் பார்த்துட்டுத்தான் கிளம்புவாங்க. நீங்க உட்காருங்க."

அத்தைதான், "என்ன எடுத்துட்டு வரணும், சொல்லு" என்றாள். கட்டிலுக்கு அடியில் இருக்கிற கருவிப் பெட்டி, அதில் கறுப்பு ரப்பர் அடைப்பான்கள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. கட்டிலுக்கு அடியில் கைவிட அத்தை ஒரு கணம் தயங்கினாள். பிறகு அம்மாவின் போர்வையை ஒதுக்கிவிட்டு எடுத்து வந்தாள்.

குழாயின் வாயையும் வாளியின் துளையையும் அடைத்தார்கள். வாளியைப் பழைய இடத்தில் வைத்தார்கள். சின்னவள் பெட்டியிலிருந்த அம்மாவின் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ரப்பர் வளையத்தில் தடவி, அடைப்பான்களைச் சட்டென்று பிடுங்கி, "இப்போ தள்ளு, நேரா தள்ளு" என்றாள். அண்ணன் வயிற்றால் முட்டித் தள்ளினான். குழாய் உட்கார்ந்தது. மெல்லிய குழாயும் வாளிக்குள் போனது.

உள்ளே போய், விட்டுவந்த மூன்றாவது பொத்தானையும் மற்றவற்றையும் போட்டு முடித்தாள்.

கூடத்தில் அண்ணன் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, குடைமிளகாய் வாளிக்கு மேல் சாய்த்துக்கொண்டிருந்தான். குறைந்தது அங்கேதானே, அங்கேயே ஊற்றுவோம் என்ற கணக்கு.

"அங்க இல்ல. முதல் வாளில."

"கொட்டினது இதுலதானே?"

"முதல் வாளில ஊத்து."

ஊற்றினான். ஒரு குடம், இரண்டு, மூன்று. வண்டிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். கடைசி வாளியின் பக்கவாட்டில் விரல் மொத்தக் கண்ணாடிக் குழாய் ஒன்று. அதில் அம்மா இழுத்த ஒரு சிவப்புக் கோடு. வாழ்நாளில் அவள் வாங்கிய ஒரே நகப்பூச்சு அதற்குத்தான் செலவானது. அண்ணன் ஈரச் சட்டையோடு அதன் முன்னால் குந்தியிருந்தான். அங்கே ஊற்றிய தண்ணீர் இங்கே மெல்ல ஏறியது. கோட்டைத் தொட்டு நின்றது.

அவனே எழுந்து சிவப்புச் சுவிட்சைப் போட்டான்.